ஒரே கை, இரண்டு அளவு

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது இது. அப்பாவுக்கு 82 வயது. என் தங்கை மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு. வேறு வேறு கல்லூரிகள், பெயர் வேண்டாம்.

"பாட்டா, கையைக் காட்டுங்கள்" என்று பையன்தான் முதலில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றினான், சட்டைக் கைக்கு மேலேயே. 160 வரை காற்றடித்து இறக்கினான். "144" என்றான். அடுத்து அவள். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, அப்பாவின் கைக்கு ஒரு தலையணை கொடுத்து, மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடியே காற்றடித்தாள். நாடி நின்ற பிறகும் இன்னொரு 30 ஏற்றி, மெல்ல இறக்கினாள். 178.

ரத்த அழுத்தம் கூடிய முதியவர்கள் சிலருக்கு ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலி நடுவில் மறைந்து, கீழே வந்து மறுபடி கேட்கும். நாடி பிடிக்காமல் அளப்பவர் அந்த மௌனத்துக்குள் இறங்கி, திரும்பி வரும் ஒலியையே முதல் ஒலி, அதாவது மேல் அளவு, என்று எழுதிவிடுவார். இது பையனுக்குத் தெரியாது. ஆனால் கற்ற திறன்களைப் பதியும் இருவருடைய லாக் புக்கிலும் அந்தத் திறனுக்கு நேரே கையெழுத்து இருக்கிறது.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர்கள் நிற்பார்கள். பின்வரிசைக்கு முன்னால் நிற்பவரின் வெள்ளைக் கோட்டு முதுகுதான் பாடம். ஆசிரியருக்கோ வெளியே ஓபி வரிசை. கையெழுத்து மட்டும் எல்லோருக்கும் விழுந்துவிடும்.

2019இல் வந்த எம்பிபிஎஸ் திறன்சார் பாடத்திட்டம் மாணவர் செய்துகாட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பார்த்து மதிப்பிடும் வழியும் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் 1975லேயே எழுதிவிட்டார்: எல்லா மாணவரும் வரிசையாக ஒரே மேசைகளைக் கடக்க வேண்டும், ஒரே வேலையைச் செய்ய வேண்டும், தேர்வாளர் கையில் ஒரே சரிபார்ப்புத் தாள் இருக்க வேண்டும். அதைப் பல்கலைக்கழகத் தேர்வு நாளுக்கென்று ஒதுக்கிவைக்காமல், வார்டு மாறும்போதெல்லாம் எல்லா மருத்துவமனையிலும் நடத்தினால் என்ன? ஒரு கல்லூரி ஆசிரியர் இன்னொரு கல்லூரிக்குப் போய்ப் பார்க்கட்டும். நர்ஸ்களையும் கேட்கலாம். யார் கை கழுவாமல் கட்டிலருகே வருகிறார் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எல்லா ஊரும் ஒன்றாக முடியுமா என்பார்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். குளச்சல் பக்கம் மீன்முள் குத்திய கை வரும், குலசேகரம் ரப்பர் தோட்டத்திலிருந்து பாம்புக்கடி வரும். வருகிற நோயாளிக்கேற்பக் கற்கட்டும். ரத்த அழுத்தம் அளக்கும் முறைக்குக் கடற்கரை வேறு, மலையோரம் வேறு கிடையாது.

அப்பா இரண்டு எண்ணையும் கேட்டுவிட்டு, "இப்போது எனக்கு மாத்திரை போதுமா, போதாதா?" என்றார். மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். போதவில்லை.