சுசீந்திரத்துக் கொதிநெய்யும் தீர்ப்பின் பாரமும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இசைத்தூண்களைப் பார்த்து வியந்து, பதினெட்டு அடி ஆஞ்சநேயரை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இதே கோயில் ஒரு காலத்தில் குற்ற விசாரணைக் களமாகவும் இருந்தது என்பது நம் மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஒழுக்கக் கேட்டுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி ஆண்களை இங்கே அழைத்து வந்து, கொதிக்கும் நெய்யில் கையை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு காளை உருவை எடுக்கச் சொல்வார்கள். பிறகு கையைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்க்கும்போது புண் இல்லையென்றால் அவர் நிரபராதி. இதற்குப் பெயர் கைமுக்கு. இந்திரன் கொதிநெய்யால் தூய்மை பெற்ற தலம் இது என்பது தலபுராணம்; ‘சுசி’ என்றாலே தூய்மைதான்.

இதைப் படிக்கும்போது எனக்கு வியப்பூட்டியது நெய் அல்ல, அந்த மூன்று நாள் கணக்கு. நம் ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடைக்கால இங்கிலாந்திலும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடக்கவைத்து, கட்டுப்போட்டு, மூன்று நாள் கழித்துத்தான் பாதிரியார் அவிழ்த்துப் பார்த்தார். 1215-இல் ரோமில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் திருச்சங்கம், இத்தகைய சோதனைகளைக் குருமார் ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடுத்தது. சாமியின் பெயரால் தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் போன பிறகுதான், இங்கிலாந்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு சொல்லும் ஜூரி முறை குற்ற வழக்குகளில் வேரூன்றியது.

உண்மையைக் கண்டுபிடிப்பதற்காக நெய்யைக் காய்ச்சினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘இவன் குற்றவாளி’ என்று வாய் திறந்து சொல்லும் பொறுப்பை மனிதர்கள் தங்கள் தலையிலிருந்து இறக்கி, தெய்வத்தின் தலையில் ஏற்றி வைத்தார்கள். ஆனாலும் கட்டை அவிழ்த்து, இது புண்ணா, வெறும் சிவப்பா என்று முடிவு செய்தது மனிதக் கண்தானே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1811-இல் திருவிதாங்கூர் திவானான கர்னல் மன்றோ, பத்மநாபபுரம் உள்ளிட்ட இடங்களில் ஜில்லா நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். ஆக, அங்கே நீதிபதிகள் சாட்சிகளை விசாரித்துக்கொண்டிருந்த காலத்திலும், இருபது கிலோமீட்டர் தொலைவில் சுசீந்திரத்தில் நெய் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாதான் அதை நிறுத்தினார். நம் முன்னோரைக் காட்டுமிராண்டிகள் என்று ஏச நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1817-இல் லண்டன் நீதிமன்றத்தில், கொலை வழக்கில் சிக்கிய ஆபிரகாம் தார்ண்டன் கையுறையைத் தரையில் எறிந்து, தன்னோடு சண்டையிட்டு வழக்கைத் தீர்த்துக்கொள்ளும்படி எதிரியை அழைத்தான். அந்தப் பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நீதிபதிகளே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிரி களத்தில் இறங்கவில்லை, தார்ண்டன் விடுதலையானான். சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்பதற்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன்பு, 1819-இல்தான் அங்கே அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது.

தீர்ப்பின் பொறுப்பை வேறொன்றின் தலையில் ஏற்றிவிடும் இந்த ஆசை இன்றும் தீர்ந்தபாடில்லை. பொய் கண்டறியும் கருவியையும், மயக்க ஊசி போட்டு நடத்தும் விசாரணையையும் ஒருவர்மீது கட்டாயமாகத் திணிக்கக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விளையின் எல்லைக்கல் பற்றிய தகராறு ஊர்க்கூட்டத்துக்குப் போனது. சர்வேயரைக் கூப்பிடாமல், சுடலைமாடன் கோயில் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு உடனே ஒப்புக்கொண்டது. என் சித்தப்பா மறுத்துவிட்டார். “நான் பொய் சொல்லேல்லண்ணு சாமிக்குத் தெரியும். கல்லு எங்க நிக்கணும்ணு ஒங்களுக்குல்லா தெரியணும்” என்றார். மறுத்ததே குற்றத்துக்குச் சான்று என்று கூட்டத்தில் பாதிப்பேர் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தபோது, அவர்கள் சொன்ன இடமும் தவறு, சித்தப்பா சொன்ன இடமும் தவறு. கல் நிற்க வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவே, ஒரு தென்னை மூட்டில் இருந்தது.