கடைக்காரரே, இந்தக் கயாக் 22 கிலோ என்று சொல்லித்தானே விற்றீர்கள்?

மட்டக்களப்பு நாவலடி வாவிக்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, துடுப்பால் ஓட்டும் ஒற்றை ஆள் படகான என் புதிய கயாக்கின் பின்பக்கத் தக்கையைத் திருகிக் கழற்றினேன். உள்ளிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஒரு வாளி வரும், இரண்டு வாளி வரும் என்று நினைத்தேன். நிற்கவே இல்லை. ஆறு மாதம் காத்திருந்து, சேமிப்பைத் துடைத்தெடுத்து வாங்கிய பொருள். முதல் நாள், முதல் ஓட்டம். அந்தத் தண்ணீர் வடிந்து முடியும்வரை கரையில் நின்றிருந்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று வந்த கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இது பொழுதுபோக்குக்கு வாங்கிய பொருள் என்று யாராவது நினைத்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். மாமாவோடு பதினெட்டு வருடம் இஞ்சின் படகில் கடலுக்குப் போனவன் நான். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவானது. அதற்குப் பிறகு மீன் விற்ற காசு எண்ணெய்க் கடனைக் கட்டவே சரியாக இருந்தது. மாமா படகை விற்றுவிட்டார். எனக்கு இப்போது 56 வயது, முள்ளந்தண்டில் தேய்வு. தோணியை மணலில் இழுக்க நான்கு பேர் வேண்டும், நான்கு பேருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். என் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். தனியாளாகத் தூக்கிக்கொண்டு போய்க் கரையலையைத் தாண்டிவிட்டால், கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு மேல் நின்று கைத்தூண்டில் போடலாம். நாலு விளைமீன், ஒரு பாரை, நாள் நல்லதாக இருந்தால் ஒரு அறுக்குளா. எண்ணெய்ச் செலவு இல்லை, ஆள் கூலி இல்லை. என் கணக்கு முழுவதும் 'தனியாளாகத் தூக்கி' என்ற அந்தச் சொல்லில்தான் நின்றது.

கயாக் தொடக்கத்திலிருந்தே ஒருவர் தூக்கக்கூடிய கலம்தான். வடதுருவத்துப் பக்கத்து இனுவிட் மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துச் செய்தார்கள். வேட்டைக்காரன் ஒருவன் அதைத் தானே தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது. மேலே உட்கார்ந்து ஓட்டும் இன்றைய மீன்பிடிக் கயாக்குகளில் பெரும்பாலானவை அச்சில் சுழற்றி வார்த்த பிளாஸ்டிக். அடித்தாலும் உடையாது, ஆனால் பன்னிரண்டு அடிக் கயாக் என்றால் முப்பது கிலோவுக்கு மேல் போகும். மெல்லிய கண்ணாடியிழையில் செய்தவை பாரம் குறைந்தவை, விலை கூடியவை. குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் நாம் காசு கொடுக்கிறோம். பாரக் குறைவைத்தான் வாங்குகிறோம், வேறொன்றையும் அல்ல.

முதலில் கட்டாரில் இருக்கும் மகன் அங்கிருந்து அனுப்பப் பார்த்தான். விமானப் பொதிச் சேவைக்காரர்கள் தராசில் வைப்பதோடு நிற்பதில்லை, அளவுநாடாவையும் எடுக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்றிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். அந்த இலக்கம் தராசு எடையைவிடக் கூடினால் அதற்குத்தான் கூலி. 360, 75, 35 என்று போட்டுப் பாருங்கள். 189 வரும். இருபத்திரண்டு கிலோப் பொருளுக்கு 189 கிலோவுக்கான கூலி. விமானத்தில் இடத்துக்குத்தான் விலை, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் மகன் தொலைபேசியில் அந்தத் தொகையைச் சொன்னபோது வயிறு எரிந்தது. அந்தக் காசுக்கு இன்னொரு கயாக்கே வாங்கலாம்.

ஆகவே கொழும்புப் பக்கத்தில் இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடையைப் பிடித்தேன். விலையைக் கேட்டதும் மூச்சு நின்றது. வரி, ஐயா, வரி என்றார் கடைக்காரர். நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் மீன்பிடிக் கலங்களுக்கு 8902 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கயாக் அதில் வராது. உல்லாசப் படகுகளோடும் விளையாட்டுப் படகுகளோடும் சேர்த்து 8903 இல் வரும். துடுப்புப் படகும் தோணியும்கூட அந்தத் தலைப்பில்தான் இருக்கின்றன. கோடீசுவரன் விருந்து வைக்கும் படகும், விளைமீன் பிடித்துப் பிள்ளை படிக்கவைக்க நினைக்கும் என் கயாக்கும் ஒரே வரிசையில்! போதாததற்கு 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. சரி, அது நாட்டு நடப்பு, நான் ஒருவன் கத்தி மாறப்போவதில்லை. என்னால் பொறுக்கமுடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

எடையைக் கேட்டேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. "22 கிலோதான் ஐயா, ஒற்றைக் கையால் தூக்கலாம்" என்றார். "எனக்கு முதுகு வருத்தம் தம்பி, நிச்சயமாகச் சொல்லுங்கள்" என்றேன். "கம்பனித் தாளிலேயே இருக்கிறது" என்று படம் எடுத்து அனுப்பினார். தை மாதம் காசு கட்டினேன். பங்குனிக்குள் வந்துவிடும் என்றார்கள். எங்கள் பக்கத்துக் கடலைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். வாடைக்காற்று ஓய்ந்து, பங்குனி தொடக்கம் விடியற்காலைக் கடல் குளம் போலக் கிடக்கும். சின்னக் கலத்துக்கு அதுதான் காலம். பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது. கூப்பிட்டால் "கப்பல்", இன்னொரு நாள் கூப்பிட்டால் "துறைமுகம்", அதற்குப் பிறகு மணி அடிக்க அடிக்க எடுக்கமாட்டார்கள். வந்தது ஆனிக் கடைசியில். அப்போது கச்சான் தொடங்கிவிட்டது. கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. பாரம் குறைந்த கலத்தைப் பஞ்சைப் போல ஊதி வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். வெயில் ஏறுமுன் கரைக்கு வந்தாக வேண்டும். ஒரு பருவத்தையே என்னிடமிருந்து பிடுங்கினார்கள், ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு லொறியில் ஏற்றினார்கள். பொதி ஏற்றும் இடத்துக்காரரிடம் நானே தொலைபேசியில் மன்றாடினேன். "அண்ணன், அதைக் கவிழ்த்துப் போடுங்கள், கீழே இரண்டு இடத்தில் ஸ்பொஞ்ச் வையுங்கள், மெல்லிய கயிற்றால் இறுக்காதீர்கள், அகலமான பட்டியால் கட்டுங்கள், மேலே ஒரு சாமானும் வைக்காதீர்கள்." எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். மேலே ஒன்றும் வைக்கக்கூடாது என்றால் அந்த இடம் முழுவதற்கும் கூலி தர வேண்டும் என்றார். அதையும் கொடுத்தேன். எழுதி வாங்கவில்லை. அவர் வாய்ச்சொல்லை நம்பினேன்.

நகரத்தில் லொறி வந்து நின்றபோது நான் பக்கத்திலேயே நின்றேன். தார்ப்பாயை விலக்கினார்கள். என் கயாக்கின் மேல் தரையோட்டுப் பெட்டிகள். இரண்டு வரிசை. நான் காசு கொடுத்த வெற்றிடத்தில் இன்னொருவருடைய தரையோடு! ஓட்டுநரிடம் கேட்டேன். "ஏற்றினது நான் இல்லை அண்ணன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். சுமை தூக்கும் நாட்டாமிகள் இருவர் பெட்டிகளை இறக்கினார்கள். பிறகு, நான் ஓடிப்போய்ப் பிடிக்குமுன், முன்பக்கக் கைப்பிடியைப் பற்றி ஒரே இழுவை. லொறித் தட்டிலிருந்து வால் "டொம்" என்று கொங்கிறீற்றில் விழுந்தது. பிறகு கரகரவென்று பத்து அடி தூரம் இழுத்தார்கள். அந்தச் சத்தம் இப்போதும் என் பல்லுக்குள் கேட்கிறது. பாரமில்லாத பொருளை இருவர் தூக்கியே வைத்திருக்கலாம். அவர்களைக்கூட நான் அதிகம் நோகமாட்டேன், நாள் முழுக்கச் சீமெந்து சுமக்கிற பிள்ளைகள். "உடையக்கூடியது" என்று ஒரு தாள்கூட ஒட்டாமல், ஒரு துண்டு ஸ்பொஞ்சும் சுற்றாமல், வெறும் பொலித்தீனில் அனுப்பிய கடைக்காரரை யார் கேட்பது?

மெல்லிய கண்ணாடியிழை ஓடு தண்ணீருக்குப் பயப்படாது. தண்ணீர் அடியெங்கும் பரவித் தாங்கும். பெட்டியின் மூலை ஒரே இடத்தில் குத்தும். அந்தக் குத்தைத் தாங்கத்தான் அதற்கு வலு கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. முட்டையை யாரும் கூடையின் அடியில் போடமாட்டார்கள்.

அங்கிருந்து நாவலடிக்குக் கொண்டுபோக பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பேசினேன். அதன் பெட்டி ஏழு அடி, கயாக் பன்னிரண்டு அடி. பின்னால் சிவப்புத் துணி கட்டினால் போகலாம் என்றேன். ஓட்டுநர் தயங்கித் தயங்கி ஒரு முழுநாள் வாடகை கேட்டார். கையில் இருந்த காசெல்லாம் லொறிக்கே போய்விட்டது. வாவி கண்முன்னே கிடந்தது. மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காந்திப் பூங்காவுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறக்கினோம். அடிப்பக்கத்தில் கீறல்கள் இருந்தன, கையால் தடவியும் பார்த்தேன். வெறும் மேல்பூச்சுத்தான் போயிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

முதல் பத்து நிமிடத்தை மறக்கமாட்டேன். துடுப்பைத் தொட்டாலே ஓடியது. இதற்காகத்தானே இவ்வளவும் என்று நெஞ்சு நிறைந்தது. கல்லடிப் பாலத்தை நெருங்கும்போது வலப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. நீரோட்டம் என்று நினைத்தேன். பாலத்தின் கீழ் கடந்தபோது, வழக்கமாகக் கையளவு மேலே நிற்க வேண்டிய விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் உள்ளே தண்ணீர் சளக் சளக் என்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடியது. முதுகு தீயாக எரிய, எப்படியோ நாவலடிக் கரையில் கொண்டுவந்து தட்டினேன். தூக்கினேன். அசையவில்லை. தனியாளாகத் தூக்குவதற்காக வாங்கிய கலத்தை நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை.

தண்ணீரை வடித்துக் கவிழ்த்துப் பார்த்தபோது தெரிந்தது. இருக்கைக்கு நேர் கீழே, ஐந்து ரூபாக் குத்தியளவு ஒரு நட்சத்திர வெடிப்பு. அதன் கதிர்கள் மயிரிழை போல நாலா பக்கமும் ஓடியிருந்தன. விரலால் அழுத்தினேன். உள்வாங்கியது. ஓரத்தில் ஒரு துளித் தண்ணீர் கசிந்து வந்து நின்றது.

மறுநாள் காயவைத்து, பக்கத்து நெல் ஆலைத் தராசில் வைத்தேன். 28.5 கிலோ. மறுபடி வைத்தேன். 28.5. கடைக்குக் கூப்பிட்டேன். பதில் என்ன தெரியுமா? "22 என்பது வெறும் ஓட்டின் எடை, ஐயா. இருக்கை, சுக்கான், தூண்டில் தாங்கி, மூடிகள் எல்லாம் சேர்ந்தால் கூடத்தான் செய்யும். கம்பனிகள் அப்படித்தான் போடுவார்கள்." உண்மை, பல கம்பனிகள் அப்படித்தான் போடுகின்றன. பிறகு தேடிப் பார்த்தேன், தாளின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. ஆனால் நான் கம்பனியைக் கேட்கவில்லை. முதுகு வருத்தக்காரன் ஒருவன் உங்களைத்தான் மூன்று முறை கேட்டான். இருக்கையும் சுக்கானும் இல்லாமல் வெறும் ஓட்டில் குந்திக்கொண்டா நான் கடலுக்குப் போகப்போகிறேன்? ஆறரைக் கிலோ என்பது உங்களுக்கு ஓர் இலக்கம். மணலில் கால் புதையப் புதைய, தலைக்கு மேல் பன்னிரண்டு அடியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனுக்கு அது ஒரு கைக்குழந்தையின் பாரம்.

வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். "தண்ணீரில் இறக்கிவிட்டீர்களே, இனி நாங்கள் பொறுப்பில்லை" என்றார். படகை வாங்கித் தண்ணீரில் இறக்கியது என் குற்றமாம்! லொறிக்காரரைக் கேட்டேன். "பொதியை நல்ல நிலையில் பெற்றேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார். கையெழுத்து வைக்காமல் பொதியைத் தரமாட்டோம் என்றவரும் அவரேதான். தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த சாமானைப் பார்க்குமுன்னே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஒருவர் கையை விரித்து மற்றவரைக் காட்டுகிறார், மற்றவர் இவரைக் காட்டுகிறார். இருவரிடமும் என் காசு இருக்கிறது. என்னிடம் ஓட்டைக் கலம் இருக்கிறது. கெட்டித்தனமாக விற்றோம் என்று நினைக்காதீர்கள், இது பச்சைக் களவு.

கயாக் இப்போது எங்கள் பக்கத்துப் பைபர் பட்டறை ஒன்றில் கிடக்கிறது. வாவித் தோணிகளுக்குக் கண்ணாடியிழை போடுகிறவர். வெடிப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அராவி எடுத்துவிட்டு, ஓட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேலை அண்ணன், மெல்லிசாக வார்த்திருக்கிறார்கள். ஆனால் இதை லொறியில் போட்டவனுக்கு நல்ல அடி போட வேண்டும்" என்றார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஒட்டுப் போட்டால்தான் அலையைத் தாங்கும் என்கிறார். எடை இன்னும் ஏறும் என்று அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். போடுங்கள் என்றேன். வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காய்ந்துவிடுமாம். இருக்கை, சுக்கான், தாங்கி, மூடி எல்லாவற்றையும் பூட்டி, ஒட்டோடு சேர்த்து நேராக ஆலைத் தராசுக்குக் கொண்டுபோவேன். வருகிற இலக்கத்தைக் கறுப்புப் பெயின்றால், உள்ளங்கையளவு பெரிய எழுத்தில், கயாக்கின் பக்கவாட்டிலேயே எழுதப்போகிறேன். அதைப் படம் எடுத்து அந்தக் கடைக்காரருக்கு அனுப்புவேன். தொலைபேசியை அவர் எடுக்காவிட்டாலும் படம் போய்ச் சேரும்.