நான்கு பல் எடுத்தால் முகம் ஒட்டிப்போகுமா?

அக்கா மகளுக்கு 14 வயது. கிளிப் போடுவதற்கு முன் நான்கு பற்களை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. யூடியூபில் ஒருவர் தன் பக்கவாட்டு முகத்தைக் காட்டி, பல்லைப் பிடுங்கி முகத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று அழுகிறார். அதை எனக்கு மூன்று முறை அனுப்பிவிட்டாள். குடும்பத்தில் ஏற்கெனவே நான்கு பல் கொடுத்தவன் நான்தானே!

எனக்கு எத்துப்பல். உதட்டை முயன்றுதான் மூட வேண்டும். மூடினால் முகவாய் எலுமிச்சைத் தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சுருங்கும். பள்ளியில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். 16 வயதில், சிங்கப்பல்லை அடுத்த பல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு என எடுத்தார்கள். பஞ்சைக் கடித்தபடி தட்டில் கிடந்ததைப் பார்த்தேன். வாய்க்குள் சின்னதாகத் தெரிந்த பல்லுக்குக் கீழே இரட்டை வேர், இவ்வளவு நீளமா என்று வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருடம் கழித்து, உதடு தானாக மூடியது. முகம் ஒட்டவில்லை.

ஆனால் எனக்கு ஆகவில்லை என்பதால் யாருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். இது இன்றைய சண்டையும் அல்ல. பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள், ஒரு பல்லையும் எடுக்கக் கூடாது, எல்லாப் பற்களும் இருந்தால்தான் முகம் அழகு என்றார். 1911-இலேயே கால்வின் கேஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதை எதிர்த்து வாதாடினார். பிறகு ஆங்கிளின் சீடர் சார்லஸ் ட்வீடே, பல் எடுக்காமல் சரிசெய்த தன் நோயாளிகளின் வாய் முன்தள்ளி நிற்பதைக் கண்டு, பலருக்குப் பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். குருவை மீறிய சீடன் என்று ஏச்சும் வாங்கினார்.

விஷயம் எளிது. எடுக்கும் ஒவ்வொரு பல்லும் சுமார் 7 மில்லிமீட்டர் அகலம். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிசலாக இருந்தால், அந்த இடத்தின் பெரும்பகுதி வரிசைப்படுத்தவே போய்விடும். முன்பல் அதிகம் நகராது, முகமும் மாறாது. நெரிசலே இல்லாமல், என்னைப்போல எத்துப்பல் மட்டும் இருந்தால், அந்த இடத்துக்கு முன்பற்கள் பின்வாங்கும். உதடும் பின்னால் வரும், ஆனால் பல் வந்த அளவுக்கு வராது. ஏற்கெனவே மெல்லிய உதடும் பெரிய மூக்கும் உள்ளவருக்கு இதையே செய்தால் வாய் உள்வாங்கியது போலத் தெரியலாம். அந்தப் பயம் பொய்யல்ல. இன்னொன்று, 14 வயதுக்குப் பிறகு மூக்கும் முகவாயும் வளரும். வயதாக ஆக உதடு மெலியும். 14 வயதுப் படத்தையும் 25 வயதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து, பழியை மொத்தமாகப் பல் மேல் போடுவது அநியாயம்.

எனக்குக் கோபம், “அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா” என்று சொல்லி அக்காவை அனுப்பிவிட்ட மருத்துவர் மீதுதான். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், காசும் வாங்கியிருக்கிறார், அதைக் காட்டி இரண்டு வார்த்தை பேசவில்லை. நெரிசல் எத்தனை மில்லிமீட்டர், முன்பல் எவ்வளவு பின்னால் வரும், இந்தப் பெண்ணின் உதட்டுக்கு அது பொருந்துமா? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை அக்கா மறுபடி போகிறாள். பதில் வரும்வரை பல் பிடுங்கும் குறட்டை மருத்துவரைத் தொட விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.