படம் உடைவதற்குச் சதுரப் பிக்சல் காரணமா?

ராயபுரம், காசிமேடு பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பிக்சல் (படத்தின் மிகச் சின்னப் புள்ளி) சதுரமாக இருப்பதால்தான் பெரிதாக்கினால் படம் உடைகிறது; வட்டப் பிக்சல் கேமரா வாங்கினால் உடையவே உடையாது." இது தவறு. இதை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். குடும்பப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம், அகலம் 60 பிக்சல் இருந்தால் அதிகம். அதை 3 அடிக்கு இழுத்திருந்தார்கள். ஒரு பிக்சல் ஒன்றரை சென்டிமீட்டர்! பெரியவரின் கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள்தான். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அவற்றை வட்டமாக அச்சடித்திருந்தாலும் கண் தெரிந்திருக்காது. படத்தில் அந்த விவரமே பதிவாகவில்லை.

பிக்சல் என்பது ஓர் இடத்தின் நிறத்தைச் சொல்லும் எண்கள், அவ்வளவுதான். கட்டமாகக் காட்டுவது மென்பொருள். திரைகூட ஒரே நிறக் கட்டங்களால் ஆனதில்லை: போன் திரையில் சின்னத் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்.

சரி, வடிவத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. 1957-இல் தன் மகனின் படத்தை 176×176 சதுரங்களாகக் கணினியில் ஏற்றிய அமெரிக்கக் கணினி அறிஞர் ரஸ்ஸல் கிர்ஷ், பிற்காலத்தில் சதுரத்தைத் தேர்ந்ததற்கு வருந்தி வேறு வடிவங்களை முயன்றார். 1999-இல் கேமரா நிறுவனமான ஃபியூஜிஃபில்ம், கேமராவுக்குள் ஒளியை வாங்கும் உணரிகளை எண்கோண வடிவில் அறிவித்தது. ஆனால் கடைசியில் கோப்பில் பதிவானது வழக்கமான கட்ட வரிசைதான். பழைய 720×576 கல்யாண வீடியோக்களின் பிக்சல் சதுரமே இல்லை. அப்படியே ஓட்டினால் முகம் ஒல்லியாகத் தெரியும்.

பேனர் அடிக்கக் கொடுக்கும்போது, பிக்சல் குறையாமலிருக்க, அசல் கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.