ஆல்ஃபா அலை கூடினால் கவனம் கூடுமா?

"ஆல்ஃபா அலை கூடினால் கவனம் கூடும், 10 ஹெர்ட்ஸ் ஆடியோவைப் போட்டுக்கொண்டு படியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆல்ஃபா என்பது மூளையின் மின் அலைகளில் ஒன்று, நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை எழுந்து அடங்கும். 10 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 10 முறை; அந்தத் தாளத்தில் துடிக்கிற ஒலிதான் அந்த ஆடியோ. ஆனால் அலை கூடினால் கவனம் கூடும் என்பது அவ்வளவு நேரடியான கணக்கு இல்லை.

மனித மூளையின் மின் அலைகளை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் இதைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலேயே, கண்ணை மூடினால் இந்த அலை எழும்பும், திறந்தால் அடங்கும் என்று தெரிந்துவிட்டது. சும்மா கண்மூடி உட்கார்ந்தாலே கூடுகிற அலை அது.

கவனத்தில் அதன் வேலை வேறு. கல்யாணப் பந்தியில் இடப்பக்கம் சித்தப்பா ஏதோ ரகசியம் சொல்கிறார், வலப்பக்கம் ஒருவர் ரசம் கேட்டுக் கத்துகிறார். சித்தப்பாவுக்குக் காது கொடுத்தால், பொதுவாக மூளையின் வலப்பாதியில் ஆல்ஃபா குறைகிறது, இடப்பாதியில் கூடுகிறது. வலப்பக்கச் சத்தத்தை அதிகம் கவனிப்பது இடப்பாதி என்பதால், இது ரசக் குரல் பக்கம் கதவைச் சாத்துகிற மாதிரி. ஆக, எவ்வளவு கூடியது என்பதை விட எங்கே கூடியது என்பதுதான் விஷயம்.

அப்புறம், கேட்பதில் ஆல்ஃபா மட்டும் இல்லை. பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 4, 5 அசைகள் வரும். மூளையின் மெதுவான அலைகள் அந்தத் தாளத்தோடு சேர்ந்து நடக்கும். நாம் கவனிக்கிற குரலோடு கூடுதலாக, மற்றதோடு குறைவாக.

அந்த ஆடியோக்கள் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பிடித்திருந்தால் கேளுங்கள், சரி. காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள்.