“கம்பெனிக்காரன் கண்டுபிடிப்பைப் பிடுங்கிக்கொள்வான்” என்பது உண்மையா?

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதிக் கோயில் குழுவின் வாட்ஸாப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “பல்கலைக்கழக லேப்பில் உங்கள் பிள்ளை எதைக் கண்டுபிடித்தாலும் கூட்டுச் சேரும் கம்பெனிக்கே சொந்தம், பிள்ளைக்கு ஒரு ராண்டுகூட வராது.” பக்கத்து வீட்டு அக்கா, பயோடெக் படிக்கும் மகனிடம் “கையெழுத்துப் போடாதேடா” என்றே சொல்லிவிட்டார்.

தவறு. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 51-ஆம் எண் சட்டப்படி, பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் உரிமை பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கே. கம்பெனி அந்த உரிமையில் பங்கு கேட்கலாம். அதற்குப் பணமோ பொருளோ போட்டிருக்க வேண்டும், கண்டுபிடிப்பிலும் அதன் கை இருக்க வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும். கண்டுபிடித்தவருக்கு, பல்கலைக்கழகத்துக்கு வரும் முதல் 10 லட்சம் ராண்டில் குறைந்தது 20 சதவீதம். அதற்கு மேல், செலவு போன நிகர வருவாயில் குறைந்தது 30 சதவீதம். அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் உண்டு.

வதந்தியில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. ஆய்வின் முழுச் செலவையும், கட்டடம், மின்சாரம் வரை, கம்பெனியே ஏற்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அப்போது ஒப்பந்தம் சொல்வதுதான். அதனால் அக்கா மகன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “முழுச் செலவு யாருடையது?”

இன்னொன்று. கண்டுபிடித்ததாகத் தெரிந்த 90 நாளுக்குள், அதுவும் வெளியே சொல்லும் முன்பே, பல்கலைக்கழகத்திடம் தெரிவிக்க வேண்டும். பெருமைக்காக முதலில் குழுவில் போட்டோ போட்டால் காப்புரிமையே கைநழுவலாம்.

கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த கேப் பயோ ஃபார்ம்ஸ், புகையிலை இனச் செடிகளில் புரதம் தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி. லேப்பிலிருந்து கம்பெனி பிறப்பது இங்கேயே நடக்கிற காரியம், அக்கா.