பையன் டீடோட்டலர்

தரகர்: பையன் டீடோட்டலர், டீச்சரம்மா. பயோடேட்டாவில் சம்பளத்துக்கும் மேலேயே போட்டிருக்கிறார்கள், பாருங்க.

டீச்சர்: பார்த்தேன். தடித்த எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகமே வந்தது.

தரகர்: இதில் என்ன சந்தேகம்? ஒரு நாளைக்கு ஆறு டீ. காபியைத் தொடக்கூட மாட்டார். டோட்டலா டீதான்.

டீச்சர்: தரகரே, அந்த வார்த்தையில் டீத்தூளே கிடையாது. மதுவை அறவே தொடாதவர் என்று அர்த்தம். இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஒரு ஊர். அங்கே 1833ல் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றில் ரிச்சர்ட் டர்னர் என்கிற தொழிலாளி எழுந்து, அரைகுறையாக விட்டால் பிரயோஜனமில்லை, டோட்டலாக விடணும் என்று பேசினார். அழுத்திச் சொன்னதிலோ, சிலர் சொல்கிறபடி திக்கிச் சொன்னதிலோ, டோட்டலுக்கு முன்னால் இன்னொரு 'டீ' எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வார்த்தையை உண்டாக்கியவர் என்று அவர் கல்லறையிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

தரகர்: திக்கினதுக்கெல்லாம் கல்வெட்டா! நம்ம பையன் திக்க மாட்டார்.

டீச்சர்: குடிப்பாரா?

தரகர்: சேச்சே. பீர் மட்டும்.

டீச்சர்: பீர் மட்டும்.

தரகர்: அது குடியில் சேராதும்மா, உடம்புச் சூட்டுக்கு.

டீச்சர்: அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். முதலில் வந்த சங்கங்கள் ஜின், பிராந்தி வகையறாவை மட்டும் தள்ளிவைத்தன, பீருக்குத் தடையில்லை. ஆட்கள் சத்தியம் பண்ணிவிட்டு வந்து பீரிலேயே மட்டையானார்கள். அதனால்தான் 1832ல் அதே ஊரில் ஜோசப் லைவ்சியும் இன்னும் ஆறு பேரும் பீர் உட்பட எதையும் தொட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். உங்க பையன் குடிக்கிற பீரைத் தடுக்கத்தான் அந்த வார்த்தையே பிறந்தது.

தரகர்: அத்தனை வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பையனைப் பற்றி யார் போட்டுக்கொடுத்தது?

டீச்சர்: பிராந்தி?

தரகர்: சளி பிடித்தால் ஒரு மூடி. அதுவும் சேராது.

டீச்சர்: சளி எப்போதெல்லாம் பிடிக்கும்?

தரகர்: சனிக்கிழமை சனிக்கிழமை. ஆனால் பையன் சேலம், டீச்சரம்மா! 1937ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்த மாவட்டம்.

டீச்சர்: அந்தக் காலத்து வரன் ஏதாவது மிச்சம் இருந்தால் கொடுங்க, பார்க்கலாம்.

தரகர்: இதெல்லாம் ஒரு குறையா? ஆம்பளைப் பையன்...

டீச்சர்: சரி, எங்க பொண்ணும் எப்போதாவது ஒரு பீர், உடம்புச் சூட்டுக்கு என்று பயோடேட்டாவில் போட்டுவிடட்டுமா?

தரகர்: ஐயையோ, மெதுவாப் பேசுங்க! வெளியே தெரிந்தால் எந்த வீட்டில் எடுப்பார்கள்?

டீச்சர்: அவள் குடித்தால் மட்டும் பீர் குடியில் சேர்ந்துவிடுகிறதா? சூடு ஆம்பளை உடம்புக்குத்தான் வருமா?

தரகர்: ...

டீச்சர்: 'எப்போதாவது குடிப்பேன்' என்று எழுதின பையன் ஒருத்தன் இருக்கிறானே.

தரகர்: அதை நான் உங்களிடம் காட்டவே இல்லையே!

டீச்சர்: பையிலிருந்து எட்டிப் பார்த்தது. எடுங்க.